பரீட்சைக் காலத்து ஒருசந்தி

என் பெண் வேதியியல் திருப்புதல் தேர்வில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது, நான் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே அதுதான் வேலை. டோக்கன் கொடுக்க வேண்டும், "நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்க, காபி கூடக் குடிக்கக் கூடாது" என்று நாள் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும். போனைக் கேட்டதும் டோக்கன் கட்டைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆசிரியர் அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. டீச்சர் விடைத்தாளைக் காட்டினார். மூன்றாம் பக்கம் பாதி வரைக்கும் முத்து முத்தான கையெழுத்து. அதற்குப் பிறகு பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டே தாளின் ஓரம் வரை போயிருந்தது.

"காலையில இன்னாடி சாப்ட்டே?" என்று கேட்டேன்.

"டீ."

"டீயும்?"

"ரெண்டு பிஸ்கட்."

டீச்சர் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். எனக்கு வாயும் நீளம், கையும் நீளம், ஊருக்கே தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த அறை எனக்குத்தான் விழுந்திருக்க வேண்டும். ஏழரை மணிக்கு டியூஷன், எட்டே முக்காலுக்குப் பள்ளி என்று அவள் ஓட, நான் எட்டு மணிக்குள் சமைத்துக் கட்டிவிட்டு வேலைக்கு ஓட, அவள் வயிற்றில் என்ன போகிறது என்று யார் பார்த்தது? தட்டில் இட்லி இருந்ததைப் பார்த்தேன். அது வாய்க்குப் போனதா என்று பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. ரத்தம் குறைவு என்று சொல்லி மாத்திரை எழுதினார். "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி வேலையை நீங்கதான் செய்யணும். காலையில சாப்பிடாம அனுப்பாதீங்க. சாப்பாட்டோட டீ குடுக்காதீங்க, சாப்டற சத்து ஒடம்புல சேராது" என்றார். நான் தலையை ஆட்டினேன். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. விவசாயப் படிப்பு படிக்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதற்கு வேதியியல் மதிப்பெண் வேண்டும். தேர்வு மையத்தில் இதே போல அந்தப் பேனா கோடு இழுத்துவிட்டால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு போச்சு.

அன்று சாயங்காலம் அவளை வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். தவக்காலம் தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாதா சுரூபத்தின் காலைத் தொட்டுக்கொண்டு நேர்ந்துகொண்டேன். "தாயே, அவ மயங்காம எழுதி முடிக்கணும். இந்தத் தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்கேன். ஞாயித்துக்கிழமை கூட விட மாட்டேன்." எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒருசந்தி என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. நேர்ச்சையை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு ஓர் எண்ணம். அதனால் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இரவு மட்டும் சாப்பிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாளே அடுப்படியைக் கையில் எடுத்தேன். பிரிட்ஜ் கதவில் தேர்வு அட்டவணைக்குப் பக்கத்தில் சாப்பாட்டு அட்டவணையை ஒட்டினேன். காலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, இரண்டு அவித்த முட்டை. பதினோரு மணிக்கு வேர்க்கடலையும் வெல்லமும். மத்தியானம் கீரை, பருப்பு, நெத்திலிக் குழம்பு. நாலு மணிக்குக் கொய்யாப்பழம். டீ வேண்டுமென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. பிஸ்கட் டப்பாவைத் தூக்கி வேலைக்குக் கொண்டுபோய்ப் பங்கு வைத்துவிட்டேன்.

முத்தியால்பேட்டை கறிக்கடைக்காரரிடம் சுவரொட்டிக்குச் சொல்லி வைத்தேன். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊற அதைவிட வேறொன்று இல்லை என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், சொல்லி வைக்காவிட்டால் கிடைக்காது. "யக்கா, தவக்காலம் வருதே, உங்க ஆளுங்க யாரும் கறிப் பக்கமே வர மாட்டாங்களே?" என்றார். "எனக்கில்ல, பரீட்சை எழுதற புள்ளைக்கு. வெள்ளிக்கிழமை வேணாம், மத்த நாள்ல எடுத்து வை" என்றேன்.

சாம்பல் புதன் கழிந்த மறுநாள், மிளகு போட்டு வதக்கிய சுவரொட்டியைத் தட்டில் வைத்தேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"தவக்காலம்மா. வீட்ல யாரும் கறி சாப்டல. நான் மட்டும் எப்படி?"

"உனக்கு இன்னும் பதினெட்டு ஆவல. உனக்கு ஒருசந்தியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. தின்னுடி."

"அப்ப நீ?"

"நான் அப்பறமா சாப்பிடறேன். உனக்கு நேரமாவுது பார்."

அந்த 'அப்பறமா' வரவே வராது. அவள் சாப்பிடத் தொடங்கியதும் நான் குளிக்கப் போவேன். காலி டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவேன். முதல் நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு மத்தியானம் மூன்று மணியானால் ஸ்கேன் சென்டர் சுவரெல்லாம் லேசாக ஆடும். டோக்கன் எண்ணைத் தப்பாகக் கூப்பிட்டு ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எதைப் பார்த்தாலும் எரிச்சல். செருப்பு கோணலாகக் கிடந்தால் கத்தல், ஃபேன் ஓடினால் கத்தல். "உன் மூஞ்சியைப் பாத்தா வூட்டுக்குள்ள வரவே பயமா இருக்கு" என்றார் என் கணவர். நேரு வீதியில் எலெக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கும் மனிதர், அவருக்கு எல்லாமே ஷாக்தான். "பரீட்சை முடியற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். பயமா இருந்தா கடையிலயே படுத்துக்குங்க" என்றேன்.

ஒரு நல்லது நடந்தது, அல்லது அப்படி நினைத்தேன். இரவு எனக்குச் சோறு போடுவதை என் பெண்ணே எடுத்துக்கொண்டாள். "நீ உக்காரும்மா, நான் போடறேன்" என்பாள். தட்டு நிறைந்து வழியும். பொரியலில் முட்டை மஞ்சள் மஞ்சளாக இருக்கும். கீரையும் சுண்டலும் குறையவே குறையாது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்த வயிறு, நான் பேசாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுவேன். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

ஆனால் அவள் முகத்தில் மட்டும் தெளிச்சி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். அதே வெளுப்பு. தமிழ்த் தேர்வு முடிந்து வந்தவள் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சாப்பாடும் எங்கேதான் போகிறது? ஸ்நேகிதிகளுக்குத் தானம் செய்கிறாளா? கேட்டால், "சாப்டறேன்மா, சத்தியமா சாப்டறேன்" என்றாள். கீழ் வீட்டில் ஒரு சொல்தாவின் மனைவி இருக்கிறார்; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்போம். அந்தம்மா, தன் மகன் பாரிஸிலிருந்து அனுப்பிய சாக்லேட்டை எடுத்துக்கொண்டு வந்து, "படிக்கிற புள்ளைக்கு இதக் குடும்மா, மூளைக்கு நல்லது" என்றார். மரியாதைக்கு வாங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். சாக்லேட்டில் சரியாகிற விஷயமா இது?

வேதியியல் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. இடையில் படிப்பதற்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அன்று காலையில் அடையும் முட்டையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை போன பிறகுதான் தலையில் ஹெல்மெட் இல்லை என்று உறைத்தது. சிக்னலில் நிற்கும் போலீஸை நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மாடி ஏறினேன். கதவு திறந்துதான் இருந்தது.

அடுப்படியில் அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். தட்டில் இருந்த இரண்டு அடையில் ஒன்றைப் பிய்த்து எவர்சில்வர் டப்பாவில் போட்டாள். ஒரு முட்டையை எடுத்து அதன் மேல் வைத்தாள். டப்பாவை மூடி, பிரிட்ஜைத் திறந்து, மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளினாள். அங்கே ஏற்கெனவே ஒரு டப்பா இருந்தது.

"யாருக்குடி அது?"

அவள் துள்ளிவிட்டாள். நான் போய் அந்தப் பழைய டப்பாவைத் திறந்தேன். முந்தின நாள் சுண்டல், பாதிக் கொய்யாப்பழம்.

"யாருக்குன்னு கேட்டேன்! வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"உனக்குத்தாம்மா."

எனக்குப் புரியவில்லை.

"நைட்டு உனக்குப் போடறேனே பொரியல், அதுல இருக்கற முட்டை என்னுதுதான். நீதான் பகல்ல ஒண்ணுமே சாப்டறதில்லையே."

"யாரு சொன்னா? டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறேன், கண்ணு தெரியலையா?"

"அந்த டிபன் பாக்ஸைக் கழுவறது யாரும்மா? நான்தானே? எண்ணெய்ப் பிசுக்கே இல்லாத பாக்ஸை ரெண்டு வாரமா கழுவறேன். ஒருசந்தி இருக்கறேன்னு தெரியும். எனக்காகத்தான் இருக்கறேன்னும் தெரியும். நீ பட்டினி கெடந்து எனக்கு ரெண்டு முட்டை வெச்சா, எனக்கு எப்படிம்மா எறங்கும்? தொண்டையிலயே நிக்குது." அவள் அழத் தொடங்கிவிட்டாள். "பசியில நீ கத்திக்கினே இருக்க. நீ கத்தறப்ப எனக்கு ஒரு ஈக்வேஷன் கூட ஏற மாட்டேங்குது. கறி மட்டும் நான் முழுசா சாப்டேன். அத உனக்குப் போட்டா கண்டுபுடிச்சிடுவ."

அவளுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று விடிகாலையில் எழுந்து கீரை ஆய்ந்தேன், கறிக்கடையில் நின்றேன். அதில் பாதியை இரவில் தின்று ஏப்பம் விட்டது நான். என் பிள்ளையின் சாப்பாட்டை நானே தின்றிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, ஏனென்றால் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, அவள் இன்னும் படிக்கட்டில் மூச்சு வாங்குகிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செய்வதற்குத்தான் துணிச்சல் வரவில்லை. மாதாவின் காலைத் தொட்டுச் சொன்ன வார்த்தை. அதை முறித்தால் யார் தலையில் விடியும்? முன்னறையில் இருக்கும் மாதா பீடத்தின் முன்னால் போய் நின்றேன். அவள் கேட்டாலும் பரவாயில்லை என்று சத்தமாகவே பேசினேன்.

"தாயே, நான் நேர்ந்தது அவ நல்லா எழுதணும்னுதான். என் நேர்ச்சையே அவ வயித்துல அடிக்குது. நான் இதோட விடறேன். கோவம்னா என்மேல கோச்சுக்கோ. எனக்குக் காச்சல் குடு, காலை ஒடி, வாங்கிக்கறேன். அவ பேப்பர்ல மட்டும் கை வெக்காத. நீயும் புள்ள பெத்தவதானே?"

பிறகு அடுப்படிக்கு வந்து, அவள் ஒளித்து வைத்த அடையை எடுத்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அவளுக்கு முட்டை இரண்டு, எனக்கு ஒன்று புதிதாக அவித்தேன். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். மேனேஜர் கேட்டதற்கு, "சாப்ட்டுக்கினு இருந்தேன் சார்" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் வீட்டில் ஒரே சட்டம். அவள் தட்டு வைக்கும் நேரத்தில் என் தட்டும் வைக்கப்படும். வேலைக்குப் போன இடத்திலிருந்து மத்தியானம் வீடியோ காலில் என் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவேன், அவள் அங்கே தட்டைக் காட்டுவாள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவும் பொண்ணும் ஜெயிலர் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் காவ காக்கறீங்களா?" என்று சிரித்தார். நான்காம் நாள் அவள் தூங்கி எழுந்த முகத்தில் லேசாக ஒரு தெளிவு. அது மாத்திரையா, முட்டையா, நான் கத்துவதை நிறுத்தியதா, எனக்குத் தெரியாது. மூன்றையும் விடப் போவதில்லை என்று மட்டும் முடிவாக இருந்தேன்.

வேதியியல் தேர்வு அன்று காலை. அடை, முட்டை, கொய்யாத் துண்டு எல்லாம் மேசையில் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேணாம்டி. மனசு கேக்கல. நீ எழுதி முடிச்சு வர்ற வரைக்கும் ஒண்ணும் தொடாம இருக்கேன்."

அவள் கையில் இருந்த துண்டைத் தட்டில் போட்டாள். "சரி. அப்ப எனக்கும் வேணாம்."

"வெளையாடாதடி, மணி எட்டரை ஆவுது!"

"நான் வெளையாடல."

"முட்டாளே, ஹால்ல விழுந்து தொலைப்ப!"

"நீ சாப்டாதானே நான் விழ மாட்டேன்?"

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலியார்பேட்டைப் பக்கம் இருக்கும் மையத்துக்கு முத்தியால்பேட்டையிலிருந்து ஊரையே குறுக்கே கடந்து போக வேண்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கண்ணாடி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் தட்டை இழுத்தேன். பீடத்தின் பக்கம் திரும்பாமல் ஒரு வாய் வைத்தேன். அவள் ஒரு வாய் வைத்தாள். நான் மென்று விழுங்கும் வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாயை எடுத்தாள். கடைசித் துண்டு வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

கொண்டுபோய் விட்ட பிறகு வேலைக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் மற்ற அம்மாக்களோடு நின்றேன். ஒருத்தி ஜெபமாலை உருட்டினாள், ஒருத்தி விபூதிப் பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதையும் கேட்கவில்லை, எதையும் நேரவுமில்லை. கொடுத்த வாக்கை முறித்தவளுக்கு இன்னொன்று கேட்க என்ன வாய் இருக்கிறது? உள்ளேயிருந்து வாட்ச்மேன் ஒரு தடவை வேகமாக வெளியே வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தண்ணீர் கேன் வண்டிக்காரனைத் திட்டத்தான் வந்திருந்தார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. வெயில் மரத்தடிக்குள் வந்துவிட்டது. யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு வரவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு, சிலர் கேள்வித்தாளை விசிறிக்கொண்டு. கடைசியில் அவள் வந்தாள். யாரையும் பிடித்துக்கொள்ளாமல், தன் காலில் நடந்து வந்தாள். வியர்த்திருந்தது, உதடு வெளுக்கவில்லை. எல்லா அம்மாக்களும், "எப்படிடி இருந்துச்சு, எத்தனை கேள்வி விட்டே?" என்று மொய்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் வாய் வரைக்கும் வந்தது.

அவள் முந்திக்கொண்டாள். "அம்மா, பசிக்குது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், "ஏம்மா? இன்னா ஆச்சு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒண்ணுமில்லடி," என்றேன். "எனக்குந்தான் பசிக்குது."